கூடக் குடுத்தா குத்தமா

காலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்குங்க சார். கீழ இருக்கற பை என்னுது. உள்ள சாப்பாடு ஒண்ணும் இல்ல, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் குடுக்கற டப்பா. எஸ்.எம்.பி.எஸ்.னு சொல்வாங்க. செத்துப்போச்சு. இருந்தாலும் மிதிக்கக் கூடாது பாருங்க. இது வெறும் டப்பா இல்ல, சாட்சி.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்குமா நீங்க? நல்லதாப் போச்சு. லால்குடியிலேர்ந்து எப்படியும் முக்கா மணி நேரம் ஆக்குவான், பேசிக்கிட்டே போயிடலாம். என் சின்னப் பொண்ணு எழிலரசி கொஞ்ச நாள் என்கிட்ட பேச்சையே நிறுத்தியிருந்தா சார். பெத்த அப்பன்கிட்ட. அந்தக் கதையைத்தான் சொல்ல வர்றேன். கேட்டுட்டு நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க. என் பக்கம்னுதான் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஆனா சொல்வீங்க.

நான் யாருன்னு முதல்ல சொல்லிடறேன். வைத்தியலிங்கம். முத்திரை இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். தராசு, படிக்கல்லு, லிட்டர் அளவு எல்லாத்துக்கும் முத்திரை குத்தறது, கடைக்குக் கடை திடீர்னு போயி எடை சரியா இருக்கான்னு பார்க்கறது. முப்பத்தோரு வருஷம். நான் கடைவீதியில முதல் கடைக்குள்ள நுழைஞ்சா, கடைசிக் கடைக்காரன் ஷட்டரை இறக்கிட்டு மாமியார் வீட்டுக்குக் கெளம்பிடுவான். பெருமைக்குச் சொல்லலை, அதுதான் நடந்துச்சு.

எனக்கு ஒரே கொள்கைதான் சார். ஒரு கிலோன்னா ஒரு கிலோ. ஒரு கிராம் கொறைஞ்சாலும் திருட்டு. சட்டத்துல இவ்வளவு முன்ன பின்ன இருக்கலாம்னு ஒரு அட்டவணை போட்டு வச்சிருக்கான். அதை எழுதுனவனுக்குக் கண்டிப்பா ஒரு மளிகைக் கடைக்கார மச்சான் இருந்திருப்பான். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே கெடையாது. ஆனா கூட இருந்துச்சுன்னு வைங்க, நான் கேஸே போட்டதில்ல. லால்குடியில ஒரு மிட்டாய்க் கடைக்காரன் கிலோவுக்குப் பத்து கிராம் கூட வச்சே போடுவான். அவன் கடை வாசல்ல செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போவேன். கூடக் குடுத்தா அதுக்குப் பேரு கொசுறு. காய்கறிக்காரம்மா கறிவேப்பிலை போடுது பாருங்க, அந்த மாதிரி. கூடக் குடுத்தா குத்தமா? முப்பத்தோரு வருஷத்துல அதுக்கு ஒரு செக்‌ஷன் நான் பார்த்ததில்ல.

அது என்ன கையில, வேர்க்கடலையா? கொஞ்சம் குடுங்க, பார்த்துட்டுத் தந்துடறேன். நிகர எடை நூறு கிராம்னு போட்டிருக்கான். கையில வச்ச உடனே தெரியுது சார், தொண்ணூத்தாறுதான். என்ன அக்கிரமம் பாருங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எழிலு பொம்மைப்படம் பண்றவ. கார்ட்டூன்னு சொன்னா அவளுக்குக் கோவம் வரும், அனிமேஷன்னு சொல்லணும். மூணு நிமிஷப் படம் ஒண்ணு தனியா உட்கார்ந்து செஞ்சா. ஒரு நத்தை தன் மாமா பொண்ணு கல்யாணத்துக்கு முதுகுல எவர்சில்வர் குடத்தைக் கட்டிக்கிட்டுக் கெளம்புது. அது மண்டபத்துக்குப் போய்ச் சேர்றப்ப உள்ள அந்தப் பொண்ணோட கொழந்தைக்குக் காதுகுத்து நடந்துக்கிட்டிருக்கு. அவ்வளவுதான் கதை. நான் அதுல ஒரு குறை சொன்னேன், குடத்துல எத்தனை லிட்டர்னு எழுதலைன்னு. அதுக்கே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா.

ஐதராபாத்துல ஒரு கம்பெனி, இருபதாந்தேதிக்குள்ள படத்தை முடிச்சு அனுப்பு, புடிச்சிருந்தா வேலைன்னு சொல்லியிருந்தான். ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணு அந்த வேலைக்காகத்தான் ராப்பகலா கெடந்தது. படத்தை அவ வரைஞ்சு முடிச்சிட்டா, ஆனா கம்ப்யூட்டர் அதை ஒவ்வொரு படமாப் போட்டு அடுக்கணுமாம். மூணு நிமிஷத்துக்கு நாலாயிரத்து முந்நூத்தி இருபது படம். ஒரு படம் போட ரெண்டு நிமிஷத்துக்கு மேல. எட்டு நாள் நிறுத்தாம ஓடணும். ஒன்பதாந்தேதி ஓட விட்டா. அன்னிக்குன்னு பார்த்து ஓசூர்ல இருக்கற என் பெரிய பொண்ணுக்கு வலி எடுத்துருச்சு, தேதிக்கு மூணு வாரம் முன்னாடி. என் சம்சாரம் கோமளவல்லியும் எழிலும் அவசர அவசரமாக் கெளம்புனாங்க. கம்ப்யூட்டரைப் பார்த்துக்க ஆள் வேணும்னு என்னை விட்டுட்டுப் போனாங்க. பொறுப்பான ஆள்னு நம்பித்தானே சார் விட்டுட்டுப் போனாங்க?

போறப்ப எழிலு என்னை உட்கார வச்சு விளக்குனா. "அப்பா, இங்க ஓரத்துல பாருங்க. இது சூடு, இது வோல்டேஜ். சூடு தொண்ணூறைத் தாண்டினா சத்தம் வரும். இந்தப் பன்னெண்டு வோல்ட் பதினொன்னு புள்ளி நாலுக்குக் கீழ போனாலும், பன்னெண்டு புள்ளி ஆறுக்கு மேல போனாலும் சத்தம் வரும். வந்தா ஒரு நிமிஷத்துல அதுவே அணைஞ்சுக்கும், எதுவும் கெட்டுப்போகாது. எல்லாம் வச்சிட்டேன். நீங்க ஃபேனை மட்டும் போட்டு விடுங்க. வேற எதையும் தொடாதீங்க." இதையே ஒரு தாள்ல எழுதி ஒட்டியும் வச்சா. சத்தம் எதுன்னு கேட்டேன். ஆட்டுக்குட்டி கத்தற சத்தம் வச்சிருந்தா. அவளுக்கு அந்த மாதிரி வெளையாட்டெல்லாம் உண்டு.

அவுங்க கெளம்புன பிறகு காப்பியைப் போட்டுக்கிட்டு அது முன்னாடி உட்கார்ந்தேன். பார்க்கறேன், பன்னெண்டு வோல்ட்னு போட்ட இடத்துல பதினொன்னு புள்ளி எட்டு ஆறுன்னு காட்டுது. கண்ணைத் தொடைச்சிட்டுப் பார்த்தேன். எட்டு ஆறுதான். சார், டப்பா மேல என்ன அச்சடிச்சிருக்கு? பன்னெண்டு. குடுக்கறது எவ்வளவு? எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. எந்தக் கடையில வாங்குனாளோ அவன் என் வீட்டுக்குள்ளயே கைவரிசையைக் காட்டியிருக்கான். அதுவும் யார் வீட்டுல. எழிலு எழுதி ஒட்டுன தாளைப் பார்த்தேன், நூத்துக்கு அஞ்சு வரைக்கும் கொறையலாம்னு வருது கணக்கு. நூறு மூட்டைக்கு அஞ்சு மூட்டை திருடிக்கன்னு என் பொண்ணே எழுதிக் குடுத்திருக்கா. நான் பெத்த பொண்ணு.

மௌஸைப் புடிச்சேன். கீழ் லிமிட்டைப் பன்னெண்டுன்னு மாத்துனேன். கம்ப்யூட்டரை நான் தொடலை சார், மௌஸைத்தான் தொட்டேன். அதுவே அணைஞ்சுக்கற ஏற்பாடு ஒண்ணு இருந்துச்சில்ல, அதையும் எடுத்து விட்டேன். திருடனைப் புடிக்கறப்ப நாமளே வெளக்கை அணைப்போமா? அப்படியே சூட்டையும் பார்த்தேன். எழுபத்தொண்ணு. மனுஷனுக்கு நாப்பது ஆச்சுன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடறோம். இதுக்கு மட்டும் என்ன தொண்ணூறு? நாப்பத்தஞ்சுன்னு வச்சேன், கொஞ்சம் தாராளமாவே.

உடனே ஆரம்பிச்சுது. மே. மே. மே. சூட்டுக்கு ஒரு ஆடு, வோல்ட்டுக்கு ஒரு ஆடு. மாத்தி மாத்திக் கத்துதுங்க. எனக்கு அது சந்தோஷமாத்தான் இருந்துச்சு, திருட்டு நடக்குதுன்னு ஒருத்தராவது சொல்றாங்களே.

மறுநாள் காலையில கீழ் வீட்டுப் பிச்சைமுத்து மேல வந்தாரு. "சார், ஆடு வாங்கியிருக்கீங்கபோல." இல்லைங்க, கம்ப்யூட்டர்னு சொன்னேன். சிரிச்சாரு. "பேரன் பொறக்கப் போறான், கெடா வெட்டறது வழக்கம்தானே. இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்கு? எத்தனாந்தேதின்னு மட்டும் சொல்லுங்க, நாங்க வெளியூர் போயிடாம இருக்கணும்." நான் சைவம் சார். மூணு தலைமுறையா சைவம், தாத்தா கோயில்ல ஓதுவாரா இருந்தவரு. மத்தியானத்துக்குள்ள தெரு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு, ஓதுவார் பேரன் மாடியில ரெண்டு ஆட்டைக் கட்டிப் பட்டினி போடறாருன்னு. சாயங்காலம் ஒரு அம்மா ஒரு கட்டு அகத்திக்கீரையை வாசல்ல வச்சிட்டு, "வாயில்லா ஜீவன், இதையாவது போடுங்க"ன்னு என் மூஞ்சியைப் பார்க்காமச் சொல்லிட்டுப் போச்சு. கீரை நல்லா இருந்துச்சு. பொரியல் பண்ணிக்கிட்டேன்.

இன்னொண்ணையும் கேளுங்க. அந்தப் பட்டியல்லயே ஒரு சூடு மைனஸ் அம்பத்தஞ்சுன்னு காட்டுச்சு. லால்குடியில, வெயில் காலத்துல. ஒரு பக்கம் காய்ச்சல், ஒரு பக்கம் குளுர் ஜன்னி. கம்பளியை எடுத்து அந்தப் பக்கமாப் பார்த்துப் போர்த்திட்டு எழிலுக்கு போன் போட்டேன். அவ, "அப்பா, அதுல ஒயரே மாட்டலை. அதனால கண்டபடி காட்டும், அதைக் கண்டுக்காதீங்க"ன்னா. அப்புறம், "அங்க என்னப்பா ஆடு கத்துது?"ன்னா. தெருவுல போகுதும்மான்னேன். "எதையும் தொடலியே?" தொடலைன்னேன். அதுதான் சொன்னேனே, மௌஸ்.

ரெண்டு நாள் பொறுத்தேன். பன்னெண்டாந்தேதி கம்ப்யூட்டரை முறைப்படி அணைச்சு, ஒரு ஆட்டோ புடிச்சு மடியில வச்சுக்கிட்டு திருச்சிக்குப் போனேன். எழிலு கம்ப்யூட்டர் வாங்குன கடை சகாயராஜ்னு ஒருத்தருது. நாப்பது வயசு இருக்கும், சாதுவான ஆளு மாதிரி முகம். திருடனுங்க எல்லாம் அப்படித்தான் இருப்பானுங்க, என் சர்வீஸ்ல பார்த்திருக்கேன். "பன்னெண்டுன்னு போட்டுட்டு பதினொன்னு புள்ளி எட்டு ஆறு குடுக்கறீங்களே, மிச்சம் புள்ளி ஒண்ணு நாலு எங்க?"ன்னு நேரடியாக் கேட்டேன். அந்த ஆளு, "சார், அது நல்ல ரீடிங். பதினொன்னு நாலு வரைக்கும் எல்லாரும் ஒத்துக்கறதுதான்"ங்கறாரு. எல்லாரும் ஒத்துக்கறாங்கன்னா அது கூட்டுக் களவாணித்தனம்தானே? "நாளைக்கே எங்க ஆபீஸ்ல சொல்லி உங்க கடைத் தராசைப் பறிமுதல் பண்ண வைப்பேன்"னேன். "என் கடையில தராசே இல்லியே சார்"னாரு. தராசே வச்சுக்காம வியாபாரம் பண்றான் பாருங்க.

அப்பத்தான் கவனிச்சேன். மூலையில ஒரு அட்டைப் பெட்டி, மேல ரிப்பேர்னு எழுதியிருக்கு. உள்ள இந்த டப்பா. இப்ப உங்க கால்கிட்ட இருக்கே, இதேதான். இதுக்கு என்ன கேடுன்னு கேட்டேன். "அது கூடக் குடுக்குது சார். பன்னெண்டு புள்ளி ஏழு. அதனால ஒதுக்கி வச்சிருக்கேன்"னாரு.

சார், எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. கொறையக் குடுக்கறதை நல்ல சரக்குன்னு அலமாரியில அடுக்கி வச்சிருக்கான். மனசாரக் கூடக் குடுக்கற ஜீவனை ரிப்பேர்னு எழுதி மூலையில போட்டிருக்கான். இந்த நாடு எப்படி உருப்படும்?

அதைத்தான் மாட்டணும்னேன். மாட்டேன்னாரு. நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துட்டேன். வர்ற வாடிக்கைக்காரங்ககிட்ட எல்லாம் என் கேஸைச் சொன்னேன். ஆறு பேர் வந்தாங்க, அஞ்சு பேர் வாங்காமப் போனாங்க. "எழிலுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் சார்"னு போனை எடுத்தாரு. பிரசவ வார்டுல இருக்கற பொண்ணைத் தொந்தரவு பண்ணுவீங்களான்னு போனை வாங்கி வச்சேன். கடைசியில தலையில அடிச்சுக்கிட்டாரு. என் சொந்தப் பொறுப்பில் எடுத்துச் செல்கிறேன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு மாட்டிக் குடுத்தாரு. நல்ல டப்பாவைத் தனியா எடுத்து வச்சாரு. "மேல் லிமிட்டை மட்டும் எடுத்துடாதீங்க சார், கத்துச்சுன்னா உடனே அணைச்சிடுங்க. ரெண்டு நாள்ல உங்களுக்கே வெறுத்துரும், கொண்டாங்க, மாத்தித் தர்றேன்"னாரு. சரின்னேன். சரின்னு சொன்னா கேட்டுக்கிட்டேன்னுதான் அர்த்தம், செய்வேன்னு இல்ல.

வீட்டுல வந்து ஓட விட்டேன். விட்ட எடத்துலேர்ந்து நத்தை நடக்க ஆரம்பிச்சுது. பன்னெண்டு புள்ளி ஏழு. என்ன அழகு. ஒரு நிமிஷம் ஆகலை, மே. எழிலு வச்ச மேல் லிமிட் இருக்கில்ல, அது. கொறைச்சவனைப் பார்த்துக் கத்தலாம், அள்ளிக் குடுக்கறவனைப் பார்த்துக் கத்தற ஆட்டை என்ன பண்றது? மேல் லிமிட்டை எடுத்துட்டேன். அப்புறம் யோசிச்சேன், ஒரு கொள்கைன்னா எல்லாத்துக்கும் ஒண்ணாத்தானே இருக்கணும். சூட்டுக்கும் மேல் லிமிட்டை எடுத்துட்டேன். கீழ மட்டும் நாப்பத்தஞ்சு வச்சேன். அடுப்பு சூடா இருந்தா வேலை நடக்குது, ஆறிப்போனா சோம்பேறித்தனம். சரிதானே?

நிசப்தம் சார். மூணு நாள் ஒரு ஆடு கத்தலை. பிச்சைமுத்து ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துட்டு, "முடிஞ்சுதா? எங்களைக் கூப்பிடவே இல்லியே"ன்னு மூஞ்சி தொங்கிப் போனாரு. நான் நோட்டுப் போட்டு எழுதிக்கிட்டு வந்தேன். பதிமூணாந்தேதி பன்னெண்டு புள்ளி எட்டு. பதினாலு, பதிமூணு புள்ளி ஒண்ணு. பதினஞ்சு, பதிமூணு புள்ளி நாலு. நாளுக்கு நாள் கூடக் குடுக்குது. சூடும் எண்பத்தெட்டு, தொண்ணூத்தி மூணுன்னு உற்சாகமா ஏறுது. தொட்டுக் கும்பிட்டேன். கையைச் சுட்டுக்கிச்சு, அது வேற விஷயம்.

பதினாறாந்தேதி மத்தியானம் மூணு மணி. நத்தை மண்டபத்து வாசலுக்கு வந்துருச்சு. வாழைமரம் கட்டியிருக்கு, நத்தை குடத்தைச் சரிபண்ணிக்கிட்டு ஒரு காலை, காலில்லை, அந்த முன்பக்கத்தை வாசப்படியில வைக்குது. அப்ப டப்புன்னு ஒரு சத்தம். ஒரு ஆடும் கத்தலை சார். கீழதான் கொறையலியே, எதுக்குக் கத்தும்? பின்பக்கத்துலேர்ந்து புகை. மூணாயிரத்து எழுநூறு படத்தோட எல்லாம் இருண்டுபோச்சு.

நான் சகாயராஜைத் திட்டறதுக்குத்தான் போன் பண்ணேன். வாயைத் தெறந்தா, "என் பொண்ணு படம், என் பொண்ணு படம்"னுதான் வருது. அந்த ஆளு கடையைப் பூட்டிட்டு முக்கா மணி நேரத்துல பைக்ல வந்து நின்னாரு. ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. பிரிச்சுப் பார்த்து, உள்ள ஒரு பலகை மாதிரி இருக்கில்ல, அது கருகிப்போச்சு, போட்ட படமெல்லாம் இருக்கற டிஸ்க் தப்பிச்சிருச்சுன்னாரு. அதைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போனாரு.

அங்க பெரியவளுக்குக் கொழந்தை நல்லபடியாப் பொறந்துருச்சு, சேதி கேட்டு மறுநாள் எழிலு ஓசூர்லேர்ந்து வந்தா. ரூமுக்குள்ள போனா. தாளைப் பார்த்தா, என் நோட்டைப் பார்த்தா. ஒவ்வொரு வரியா வெரலை வச்சுப் படிச்சா. பதிமூணு புள்ளி நாலுக்குப் பக்கத்துல நான் 'மிக நன்று'ன்னு எழுதியிருந்தேன். அதை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா. திட்டுவான்னு நின்னேன். திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் சார். நோட்டை மூடி வச்சிட்டு நேரா சகாயராஜ் கடைக்குப் போயிட்டா. அங்க கடையில இருந்த நாலு கம்ப்யூட்டரையும் அவளுக்குன்னு ஒதுக்கிக் குடுத்திருக்காரு மனுஷன், வியாபாரத்தை நிறுத்திட்டு. மிச்சம் அறுநூத்திச் சொச்சம் படத்தையும் அங்கதான் போட்டா. பத்தொன்பது சாயங்காலம் நத்தை உள்ள நுழைஞ்சு காதுகுத்தைப் பார்த்துருச்சு. இருபது காலையில அனுப்புனா. வேலை கெடைச்சிருச்சு. அந்தச் சேதியை எனக்குப் பிச்சைமுத்து சொல்லித்தான் தெரியும்.

இதுல என் தப்பு எங்க இருக்குன்னு இன்னும் எனக்குப் புடிபடலை. பலகை பலவீனம். நல்ல சாப்பாடு போட்டா தாங்காத ஒடம்பு மாதிரி. ஆனா சாட்சியை எடுத்துக்கிட்டுப் புகார் குடுக்கலாம்னு உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சா, கூடக் குடுத்தான்னுதான் எழுத வேண்டியிருக்கு. அதுக்கு செக்‌ஷன் இல்லியே. அதுவும் இல்லாம அந்த ஆளு நாலு கம்ப்யூட்டரைக் குடுத்துட்டாரு. இந்த டப்பாவைத் திருப்பிக் குடுத்து ரெண்டு வார்த்தை சொல்லணும்னு எழிலோட உத்தரவு, அதுவும் அம்மா மூலமா. அதுக்குத்தான் இப்ப போறேன். மன்னிப்பெல்லாம் இல்ல. ரெண்டு வார்த்தைன்னா ரெண்டு வார்த்தை. என்ன வார்த்தைன்னு இன்னும் முடிவு பண்ணலை.

கடலை நல்லா வறுத்திருக்கான் சார். தீர்ந்துபோச்சா? நான் நூறு கிராம் இல்லைன்னு அப்பவே சொன்னேனே.

இந்தக் களேபரத்துல எனக்கு பிரஷர் ஏறிடுச்சு. டாக்டர் நூத்தி எண்பதுன்னாரு. மாத்திரை குடுத்தாரு. எழிலு ஐதராபாத்துக்குப் போறதுக்கு முதல் நாள் ஒரு பிரஷர் பார்க்கற மெஷினை வாங்கி வச்சு, பக்கத்துல ஒரு தாளை ஒட்டிட்டுப் போனா. மேல நூத்தி அம்பதைத் தாண்டினா அவளுக்கு போன் பண்ணணும். நூறுக்குக் கீழ போனாலும் போன் பண்ணணும். நடுவுல இருந்தா வேண்டாம். ரயிலேறப் போறப்பகூட என்னைப் பார்க்கலை. மெஷினைத்தான் பார்த்தா.

நான் ஒழுங்கா மாத்திரை போட்டேன். நூத்தி முப்பத்தெட்டு. நூத்தி நாப்பத்திரண்டு. நூத்தி முப்பத்தஞ்சு. தினமும் நடுவுலயேதான் நிக்குது. போனை மடியில வச்சுக்கிட்டு மெஷினைப் பார்ப்பேன். பதிமூணு நாள் இப்படியே போச்சு. என் வாழ்க்கையில ஒரு அளவு சரியா இருக்குன்னு நான் வருத்தப்பட்டது அப்பத்தான்.

பதினாலாம் நாள் என்ன பண்ணேன்னா, மொட்டை மாடிக்கு மூணு தடவை ஏறி எறங்கிட்டு வந்து பட்டையைக் கையில சுத்துனேன். நூத்தி அம்பத்தாறு. லிமிட் தாண்டியாச்சு, எழுத்துல இருக்கு, போன் பண்ணேன். "அப்பா? என்னப்பா ஆச்சு? தலை சுத்துதா? உட்கார்ந்திருக்கீங்களா?"ன்னு மூச்சு விடாமக் கேட்டா. பதினோரு நிமிஷம் பேசுனா சார். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி மாடி. அடுத்த தடவை மாடி போதலை, முட்டி வலி வேற, அதனால ஒரு கிண்ணம் எலுமிச்சங்கா ஊறுகா சாப்பிட்டேன். நூத்தி அறுபத்தொண்ணு. அன்னிக்குப் பதினாலு நிமிஷம்.

கோமளவல்லி புடிச்சிட்டா. ஊறுகா ஜாடி காலியானதைப் பார்த்தா, நான் மாடிப்படியில மூச்சு வாங்கிக்கிட்டு நின்னதைப் பார்த்தா, ரெண்டையும் சேர்த்துப் பார்த்துட்டா. "ஏங்க, உங்களுக்கு அறிவு இருக்கா? அந்தப் பொண்ணு அங்க ஆபீஸ்ல அழுதுக்கிட்டு உட்கார்ந்திருக்கா"ன்னு என் எதிர்லயே எழிலுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டா. போனை என் கையில குடுத்தா. முப்பத்தோரு வருஷம் எத்தனை பேரைக் கையும் களவுமாப் புடிச்சிருக்கேன், அவனுங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

அவ, "அப்பா, அந்தத் தாளைக் கிழிச்சிடுங்க"ன்னா.

அப்ப லிமிட் எவ்வளவு வச்சுக்கறதும்மான்னு கேட்டேன்.

"லிமிட்டே வேண்டாம்ப்பா. எவ்வளவு இருந்தாலும் தினம் ஆறு மணிக்கு எனக்கு போன் பண்ணுங்க. மாடி ஏறக் கூடாது. ஊறுகா கூடாது."

இது நடந்தது முந்தாநாள். நேத்து சாயங்காலம் ஆறு அடிச்சதும் பண்ணேன். நூத்தி இருபத்தெட்டும்மா, ஒண்ணும் விசேஷம் இல்லைன்னேன். "சரிப்பா, மீட்டிங் இருக்கு, அஞ்சு நிமிஷம்தான்"னு ஆரம்பிச்சா. அந்த ஊர் சாப்பாடு, ரூம்ல கூட இருக்கற பொண்ணு, ஆபீஸ்ல அவளுக்குக் குடுத்திருக்கற நாற்காலின்னு சொல்லிக்கிட்டே போனா. இருபத்திரண்டு நிமிஷம் ஆச்சு. அஞ்சு எப்பவோ தாண்டிருச்சு, நான் கடியாரத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் சார். சொல்லலை.